பேட்டி பொய், படம் மெய்

"அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தத்தில் யார் ஜெயிக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள். அப்படியிருக்க, அதைப் பற்றி வெளிவந்த பழைய ரசிகர் பத்திரிகைகளுக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்? எல்லாமே கட்டுக்கதைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பகுதி கட்டுக்கதைதான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆனால் எந்தப் பக்கம் புளுகு, எந்தப் பக்கம் பதிவு என்று பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், வேறெங்கும் சுலபத்தில் கிடைக்காத பல செய்திகள் அவற்றுக்குள் இருப்பது தெரியும். குறைகளும் நிறையவே உண்டு. நீங்கள் சொல்லும் குறை அவற்றில் பெரியது இல்லை என்பது என் எண்ணம்.

நான் இவற்றை முதலில் பார்த்தது 1990களின் நடுவில், திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் சாலை நடைபாதைக் கடையில். எஞ்சினியரிங் கைடுகளுக்கும் பழைய ரீடர்ஸ் டைஜெஸ்ட் கட்டுகளுக்கும் நடுவே, மேலட்டை பாதி கிழிந்த 'புரோ ரெஸ்லிங் இல்லஸ்ட்ரேட்டட்' இதழ் ஒன்று கிடந்தது. பள்ளிக்கூடத்தில் டிரம்ப் கார்டு வைத்து உயரம், எடை, ரேங்க் என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். எங்கள் உலகத்தில் மல்யுத்த வீரர்கள் அந்தச் சீட்டுக்கட்டு அளவுக்குத்தான் இருந்தார்கள். அந்த இதழில் மெம்ஃபிஸ், போர்ட்லண்ட், டாலஸ், போர்ட்டோ ரிக்கோ என்று ஊர் ஊராகப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றிலும் முதல் பத்து இடங்களில் யார் யார் என்று அச்சடித்திருந்தார்கள். பாதிக்குமேல் கேள்விப்படாத பெயர்கள். அன்றைக்கு எனக்குத் தலை சுற்றியது. அந்தப் பட்டியல்தான் இந்தப் பத்திரிகைகளின் முதல் பலம் என்பது பிறகுதான் புரிந்தது.

காரணம் அந்தத் தொழில் அன்று நடந்த விதம். 1948இல் ஐயோவா மாநிலத்தில் புரமோட்டர்கள் சிலர் கூடி நேஷனல் ரெஸ்லிங் அலையன்ஸ் என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். பிறகு மெல்ல மெல்ல அமெரிக்காவும் கனடாவும் பங்காளிகள் பாகம் பிரித்த நிலம்போல ஆகிவிட்டன. ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் நிகழ்ச்சி நடத்தமாட்டார். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனி டிவி ஒளிபரப்பு, தனி சாம்பியன் பெல்ட், தனிக் கதை. மெம்ஃபிஸ் ரசிகருக்குப் போர்ட்லண்டில் என்ன நடக்கிறது என்று தெரிய வழியே இல்லை. அது புரமோட்டர்களுக்கு வசதியாகவும் இருந்தது. ஓர் ஊரில் கொடியவனாக இருந்து சலித்துப்போனவர், இன்னோர் ஊரில் நல்லவனாக வந்து இறங்கலாம். இந்தச் சுவர்களுக்கு மேலே எட்டிப் பார்க்க ரசிகருக்கு இருந்த முக்கியமான ஜன்னல், மாதாமாதம் கடையில் தொங்கிய இந்தப் பத்திரிகைதான்.

அந்த ஜன்னலை வைத்தவர் ஸ்டான்லி வெஸ்டன். குத்துச்சண்டைப் பத்திரிகை உலகத்திலிருந்து வந்தவர். 'த ரெஸ்லர்' 1966இல், 'இன்சைடு ரெஸ்லிங்' 1968இல், 'புரோ ரெஸ்லிங் இல்லஸ்ட்ரேட்டட்' 1979இல் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கினார். கடையில் பார்த்தால் ஒன்றுக்கொன்று போட்டிப் பத்திரிகைகள்போலத் தெரியும். உள்ளே போனால் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் ஒரே அலுவலகம், ஏறக்குறைய அதே ஆட்கள். ஒரே சமையலறையில் கிண்டிய உப்புமாவுக்கு மூன்று ஓட்டல் பலகைகள். ரசிகர்கள் இவற்றுக்கெல்லாம் சேர்த்து வைத்த பெயர் 'ஆப்டர் பத்திரிகைகள்'. பில் ஆப்டர் முதலாளி இல்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு எல்லா ஊருக்கும் போனவர், எல்லா வீரர்களுக்கும் தெரிந்த முகம். அதனால் அவர் பெயர் நிலைத்துவிட்டது.

இனி புளுகுக்கு வருவோம். அந்தத் தொழிலில் 'கேஃபேப்' என்று ஒரு சொல் உண்டு. மேடையில் நடப்பது உண்மைச் சண்டை என்ற தோற்றத்தை மேடைக்கு வெளியேயும் காப்பாற்றுவது என்று அதற்குப் பொருள் சொல்லலாம். எவ்வளவு தூரம் காப்பாற்றினார்கள் என்பதற்கு ஒரே ஒரு சம்பவம் போதும். 1975 அக்டோபர் 4ஆம் தேதி, வட கரோலினாவின் வில்மிங்டன் அருகே ஒரு சிறிய விமானம் விழுந்தது. அதில் இருந்த மல்யுத்த வீரர் ரிக் ஃபிளேருக்கு முதுகெலும்பு முறிந்தது. இன்னொரு வீரரான ஜானி வாலன்டைன் அதற்குப் பிறகு ரிங்கில் ஏறவே முடியாமல் போனது. விமானி பிழைக்கவில்லை. அதே விமானத்தில் டிம் வுட்ஸ் என்பவரும் இருந்தார். ரசிகர்கள் பார்வையில் அவர் நல்லவர், வாலன்டைனுக்குப் பரம எதிரி. எதிரியோடு ஒரே விமானத்தில் பயணம் செய்தது வெளியே தெரிந்தால் கதை கெட்டுவிடும். விபத்தில் அடிபட்ட அந்த மனிதர், தான் மல்யுத்த வீரர் இல்லை, புரமோட்டர் என்று சொன்னார். வதந்தியை அடக்க உடம்பு தேறுவதற்கு முன்பே ரிங்குக்கும் திரும்பினார்.

வலியில் கிடப்பவரே உண்மையைச் சொல்லத் தயாராக இல்லாத தொழிலில் பத்திரிகைக்காரன் எப்படிப் பேட்டி எடுப்பான்? எடுக்கவில்லை, எழுதினான். "அவனை மருத்துவமனைக்கு அனுப்பாமல் ஓயமாட்டேன்" என்ற வகைச் சவால்களில் ஏராளமானவை அலுவலக மேஜையில் பிறந்தவை. இல்லாத நிருபர்கள் பெயரில் பத்திகள் வந்தன. கொடியவர்களுக்கு வக்காலத்து வாங்குவதற்கென்றே ஒரு பத்தி எழுத்தாளர் இருப்பார். வாசகர்கள் அவரைத் திட்டிக் கடிதம் எழுதுவார்கள், அவர் அடுத்த இதழில் வாசகர்களைத் திட்டுவார். ரிங்கில் நடந்த நாடகத்துக்குக் காகிதத்தில் ஒரு கிளை நாடகம் ஓடியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை ஏமாற்று என்று ஒரே வார்த்தையில் தள்ள எனக்கு மனம் வரவில்லை. காரணம், அதே இதழில் இன்னொரு பக்கம் புரட்டினால் உண்மை இருக்கும். எந்த ஊரில், எந்த அரங்கில், யாரும் யாரும் மோதினார்கள், பெல்ட் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற விவரங்கள். சண்டையின் முடிவு முன்பே எழுதப்பட்டதாக இருக்கலாம். அந்த இரவில் அந்த இருவரும் அந்த ரிங்கில் இருந்தது நிஜம். வட்டார நிறுவனங்களில் பல தங்கள் வீடியோ நாடாக்களை அழித்து அதன்மேலேயே அடுத்த வார நிகழ்ச்சியைப் பதிந்தவை. அப்படிப்பட்ட இடங்களில் நமக்கு மிஞ்சியிருப்பது உள்ளூர்ச் செய்தித்தாளில் வந்த நான்கு வரியும் இந்தப் பத்திரிகைகளின் படமும்தான்.

படங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அட்டை பளபளப்பு, உள்ளே பெரும்பாலும் கறுப்பு வெள்ளை, தொட்டால் விரலில் மை ஒட்டும் மலிவுக் காகிதம். அந்தக் காகிதத்தில்தான் ரத்தம் தார்போலக் கறுத்துத் தெரியும். 1970களின் இதழ்களில் அப்துல்லா த புட்சர், த ஷேக் போன்றவர்கள் வந்தாலே நெற்றி கிழிந்திருக்கும். முகத்தை விட்டுவிட்டுப் பின்னணியைப் பாருங்கள். முதல் வரிசையில் தலையில் ஸ்கார்ஃப் கட்டிய கிழவி கையை ஓங்கிக்கொண்டு எழுந்து நிற்பார். அவருக்குப் பின்னால் ஒரு பையன் கண்ணை மூடிக்கொண்டிருப்பான். மூலையில் ஒரு போலீஸ்காரர் கொட்டாவி விடுவார். அந்தத் தொழிலில் யார் நம்பினார்கள், எப்படி நம்பினார்கள் என்று எந்த ஆய்வாளரும் இதைவிடத் துல்லியமாகக் காட்டிவிட முடியாது. நான் இளைஞர்களுக்குச் சொல்வது இதுதான்: பேட்டியைத் தாண்டிப் போங்கள், படத்தில் நில்லுங்கள்.

நிருபருக்கும் தொழிலுக்கும் நடுவே இடைவெளி இருந்ததா என்றால், இல்லை. நகைச்சுவை நடிகர் ஆண்டி காஃப்மன் மேடைகளில் பெண்களோடு மல்யுத்தம் செய்துகாட்டிக்கொண்டிருந்தார். நிஜமான மல்யுத்த ரிங்கில் வில்லனாக இறங்க வேண்டும் என்று அவருக்குத் தீராத ஆசை. நியூயார்க் புரமோட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. பில் ஆப்டர் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய், அங்கிருந்தே மெம்ஃபிஸில் இருந்த மல்யுத்த வீரர் ஜெர்ரி லாலருக்குத் தொலைபேசி போட்டுக் கொடுத்தார். 1982 ஏப்ரலில் மெம்ஃபிஸில் லாலர் காஃப்மனைத் தலைகீழாக ரிங்கில் குத்த, காஃப்மன் கழுத்துப் பட்டையோடு ஊரைச் சுற்றினார். ஜூலையில் டேவிட் லெட்டர்மனின் டிவி பேட்டி நிகழ்ச்சியில் லாலர் அவரைக் கன்னத்தில் அறைந்தார். இருவரும் பேசிவைத்துச் செய்தது என்பது, காஃப்மன் 1984இல் இறந்து பல வருடங்கள் கழித்துத்தான் வெளியே வந்தது. அமெரிக்காவே பேசிய செய்தி அது. அதைத் தொடங்கி வைத்த தொலைபேசி அழைப்பு ஒரு பத்திரிகைக்காரர் வீட்டிலிருந்து போனது. மிகச் சிறந்த செய்தி கையில் இருந்தும் எழுத முடியாது, எழுதினால் தொழிலும் போகும் நட்பும் போகும். இது பலமா பலவீனமா என்று கேட்டால் எனக்கே தெளிவாகச் சொல்ல முடியவில்லை.

அதற்காக இவர்கள் வெறும் விளம்பர ஏடு நடத்தினார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. வின்ஸ் மக்மேனின் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனம் (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) 1983இல் 'விக்டரி' என்று சொந்தப் பத்திரிகை தொடங்கி, அடுத்த வருடமே அதை 'டபிள்யூ.டபிள்யூ.எஃப். மேகசின்' ஆக்கியது. கூடவே வெளிப் பத்திரிகைகளின் கேமராக்களை ரிங் ஓரத்திலிருந்து விரட்டியது. நிறுவனத்தின் பத்திரிகை நல்ல காகிதம், முழு வண்ணம், கண்ணைப் பறிக்கும் படங்கள். ஆனால் அதைப் படிப்பவருக்கு உலகத்தில் வேறு மல்யுத்த நிறுவனமே இல்லை என்றுதான் தோன்றும். நேற்று வரை அட்டையில் இருந்தவர் போட்டி நிறுவனத்துக்குப் போய்விட்டால், பிறக்கவே இல்லாததுபோல மறைந்துவிடுவார்.

இப்போது இதைப் பாருங்கள். 1985 மார்ச் 31ஆம் தேதி அந்த நிறுவனத்தின் பெருவிழாவான ரெஸ்ல்மேனியா முதன்முதலாக நடந்தது. அதன் பெரிய நட்சத்திரம் ஹல்க் ஹோகன் முகம் டி-ஷர்ட்டிலும் பொம்மையிலும் கார்ட்டூனிலும் அமெரிக்கா முழுக்க. அந்த வருடம் 'புரோ ரெஸ்லிங் இல்லஸ்ட்ரேட்டட்' வாசகர்கள் தபாலில் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சிறந்த வீரர் ரிக் ஃபிளேர். 1984இலும் அவரே, 1986இலும் அவரே. ஹோகன் 1987 வரை காத்திருந்தார். கேமராவை வெளியே தள்ளியதற்குப் பத்திரிகை காட்டிய கோபமும் இதில் கொஞ்சம் இருக்கலாம். எப்படியிருந்தாலும், பெரிய முதலாளியின் கட்டுப்பாட்டில் இல்லாத ஒரு மதிப்பீடு அச்சில் இருந்தது. பொய்ப் பேட்டி எழுதிய அதே பத்திரிகை சுயமரியாதையோடும் நின்றது.

இந்தக் குணம் முழுசாகத் தெரிவது, பத்திரிகையின் பெயரைச் சுருக்கி 1991இல் தொடங்கிய 'பி.டபிள்யூ.ஐ. 500' பட்டியலில். ஒரு வருடக் காலத்தை எடுத்துக்கொண்டு, வெற்றி தோல்வி, பெல்ட்கள், எதிராளிகளின் தரம், திறமை எல்லாவற்றையும் எடைபோட்டு, உலகத்தின் ஐந்நூறு வீரர்களை வரிசைப்படுத்துகிறார்கள். யோசித்தால் சிரிப்பு வரும். முன்பே முடிவான வெற்றிக்கு மதிப்பெண் போடுவது, சினிமாவில் அதிகம் பேரை அடித்த கதாநாயகனுக்குப் பதக்கம் கொடுப்பதுபோலத்தான். ஆனாலும் 1997 பட்டியலை எடுங்கள். முதலிடம் டீன் மலெங்கோவுக்கு. ஆஜானுபாகுவும் இல்லை, வாய்ச்சவடாலும் இல்லை. பிடி தெரிந்தவர், அவ்வளவுதான். ஹோகன் அப்போது மலெங்கோ வேலை செய்த அதே நிறுவனத்தில் ராஜ நடை போட்டுக்கொண்டிருந்தார். எந்த நிறுவனமும் மலெங்கோவை உலகின் முதல் வீரர் என்று விளம்பரம் செய்திருக்காது.

பட்டியலின் உண்மையான பயன் மேலே இல்லை, கீழே இருக்கிறது. நானூற்றுச் சொச்சத்தில் வரும் பெயர்கள், பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களில் இருநூறு பேர் முன்னால் மோதியவர்கள். பெட்ரோல் காசுக்குக்கூடக் கட்டுப்படியாகாத இரவுகள் அவர்களுடையவை. அவர்கள் இருந்ததற்கு நாடு முழுக்க விற்கும் அச்சில் ஒரே சாட்சி அந்த இரண்டு வரிக் குறிப்பு. அந்த எண்ணைச் சுவரொட்டியில் போட்டுக்கொண்டவர்கள் உண்டு.

சரி, குறைகள். பொய்ப் பேட்டிகளைப் பெரிய குறையாக நான் எண்ணவில்லை என்றேன். பெரியது மௌனம். வீரர்களுக்குச் சம்பளம் எவ்வளவு, காயத்துக்கு யார் செலவு செய்கிறார்கள், அந்த உடம்புகள் எந்த மருந்தால் அப்படி வீங்கின, ஏன் நாற்பதுகளிலேயே செத்துப்போகிறார்கள் என்பதற்கெல்லாம் அந்தக் காலத்து இதழ்களில் பதில் தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்பும். ஒருவர் மூன்று மாதம் காணாமல் போனால், எதிரி கொடுத்த அடி என்று எழுதிவிட்டு நகர்ந்தார்கள். 1989 பிப்ரவரியில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். தரப்பே நியூஜெர்ஸி மாநிலத்தில் "இது விளையாட்டுப் போட்டி இல்லை, பொழுதுபோக்கு" என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் பிடியிலிருந்தும் வரியிலிருந்தும் தப்பிக்க முதலாளியே உடைத்த ரகசியத்தை, பத்திரிகைகள் அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் பூட்டி வைத்திருந்தன. அதை நியாயப்படுத்த என்னால் முடியாது.

இன்னொன்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வெஸ்டன் குழுமத்தின் 'ஸ்போர்ட்ஸ் ரிவியூ ரெஸ்லிங்' இதழில் 1970களிலிருந்து 'அபார்ட்மென்ட் ரெஸ்லிங்' என்று ஒரு பகுதி வந்தது. நீச்சலுடைப் பெண்கள் யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறையில் கட்டிப்புரளும் படங்கள், அதற்கு ஒரு கதை. மல்யுத்தத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. விற்பனைக்குச் சம்பந்தம் இருந்தது. உண்மையில் ரிங்கில் உழைத்த பெண்களுக்கென்று பி.டபிள்யூ.ஐ.யின் தனிப் பட்டியல் வெளிவந்தது 2008இல்தான். அதுவும் ஐம்பதே பெயர்கள், முதலிடம் ஆசம் காங். தாமதத்துக்குச் சாக்கு இல்லை.

செய்தி பழசு என்ற குறையும் உண்டு, ஆனால் அது மாதப் பத்திரிகை எதற்கும் உள்ளதுதான். அட்டையில் இருக்கும் மாதத்துக்குச் சில மாதங்கள் முன்னால் நடந்ததே உள்ளே இருக்கும். தேதி தேடுபவர்கள் இதை மறந்து குழம்புகிறார்கள்.

மௌனத்தை உடைத்தவை கடையில் தொங்காத ஏடுகள். கலிஃபோர்னியாவில் டேவ் மெல்ட்சர் 1980களின் தொடக்கத்தில் ஆரம்பித்த 'ரெஸ்லிங் அப்சர்வர்', 1987இல் வேட் கெல்லர் தொடங்கிய 'புரோ ரெஸ்லிங் டார்ச்'. படம் கிடையாது. கண்ணைக் கெடுக்கும் பொடி எழுத்து. எத்தனை டிக்கெட் விற்றது, யார் யாரோடு சண்டை, எவருக்கு ஒப்பந்தம் முடிகிறது என்று எல்லாம் இருக்கும். சந்தா கட்டியவர்களில் வீரர்களே பலர், வெளியில் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். பிரிட்டனில் 1994 முதல் 2014 வரை வந்த 'பவர் ஸ்லாம்' இதே நேர்மையைக் கடையில் விற்கும் வண்ணப் பத்திரிகைக்குக் கொண்டுவந்தது. எனக்கு மிகப் பிடித்த இதழ் அதுதான்.

நேர்மை வந்ததும் வேறு நோய்கள் வந்தன. திரைமறைவில் யாரோ சொன்னது செய்தியாகிறது. சொன்னவருக்கு என்ன லாபம் என்பது வாசகருக்குத் தெரிவதில்லை. மெல்ட்சர் ஆட்டங்களுக்குப் போடும் நட்சத்திர மதிப்பெண் ஐந்தோடு நிற்கும் என்று நினைத்திருந்தோம். 2017 ஜனவரி 4ஆம் தேதி டோக்கியோவில் நடந்த ஒகாடா, கென்னி ஒமேகா மோதலுக்கு ஆறு கொடுத்தார். அதிலிருந்து, ஆட்டத்தைப் பார்ப்பதைவிட மதிப்பெண்ணைப் பார்ப்பவர்கள் பெருகிவிட்டார்கள். அம்பது வயதுக்காரனின் புலம்பல் என்று விட்டுவிடுங்கள்.

ஒரு பத்திரிகைக்கு எவ்வளவு பலம் இருக்க முடியும், அது எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பதற்கு ஜப்பானைவிட நல்ல உதாரணம் இல்லை. அங்கே 'வீக்லி புரோ ரெஸ்லிங்' 1983இல் வார இதழானது, 'வீக்லி கோங்' அதற்குப் போட்டி. வாராவாரம் வண்ணப் படங்கள், பிடிக்குப் பிடி வர்ணனை, நிறுவனங்கள்மீது கடுமையான விமர்சனம். 1995 ஏப்ரல் 2ஆம் தேதி 'வீக்லி புரோ ரெஸ்லிங்' பத்திரிகையே டோக்கியோ டோம் மைதானத்தை வாடகைக்கு எடுத்து, ஒன்றையொன்று பார்க்கப் பிடிக்காத பதின்மூன்று நிறுவனங்களை ஒரே மேடையில் ஏற்றியது. எந்தப் புரமோட்டராலும் செய்ய முடியாத காரியம். மறு வருடமே நியூ ஜப்பான் நிறுவனம் அந்த இதழின் நிருபர்களுக்குக் கதவைச் சாத்தியது. ஆசிரியர் டார்ஜான் யமமோட்டோ பதவி விலக வேண்டிவந்தது. மக்மேன் கேமராக்களை விரட்டிய கதையும் இதுவும் ஒன்றுதான். பொய் எழுதினாலும் மெய் எழுதினாலும், ரிங் ஓர நாற்காலி புரமோட்டர் போடுவது. போட்டி இதழான 'கோங்' 2007இல் நின்றுபோனது.

மக்மேன் நிறுவனத்தின் சொந்தப் பத்திரிகையும் 2014இல் மூடப்பட்டது. 'புரோ ரெஸ்லிங் இல்லஸ்ட்ரேட்டட்' மட்டும் கேஃபேப் வேஷத்தைப் பெருமளவு களைந்துவிட்டு, அந்த ஐந்நூறு பெயர்ப் பட்டியலின் தோளில் நடந்துகொண்டிருக்கிறது.

வாங்க நினைத்தால், 1980 முதல் 1986 வரையிலான இதழ்களில் தொடங்குங்கள். வட்டாரங்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்த காலம் அது. தரவரிசைப் பக்கம், படங்கள், வாசகர் கடிதம், கடைசிப் பக்கங்களில் வீடியோ நாடா மாற்றிக்கொள்ள ரசிகர்கள் கொடுத்த சிறு விளம்பரங்கள், இந்த வரிசையில் படியுங்கள். என்னிடம் 1985ஆம் வருட இதழ் ஒன்று இருக்கிறது. கப்பலில் வந்த கழிவுக் காகிதக் கட்டில் கிடைத்தது என்றார் கடைக்காரர். அதில் வருடாந்திர விருதுக்கான வாக்குச்சீட்டை யாரோ நீல மையில் நிரப்பியிருக்கிறார்கள், வெட்டி அனுப்பவில்லை. சிறந்த வீரர் என்ற கட்டத்தில் ரிக் ஃபிளேர். அதிகம் வெறுக்கப்படும் வீரர் என்ற கட்டத்தில் வேறு ஒரு பெயரை எழுதி, அடித்துவிட்டு, அங்கேயும் ரிக் ஃபிளேர்.